மலைப்பாதையும் டீசல் புகையும்

வாகனப் புகையைக் குறைப்பது, எரிபொருளைச் சேமிப்பது என்ற பேச்சு நமது நாட்டில் எப்போதும் கொழும்பில் ஆரம்பித்துக் கொழும்பிலேயே முடிந்துவிடுகிறது. ஹைபிரிட் கார் வாங்கலாமா, மின்சாரக் காருக்குத் தீர்வை எவ்வளவு, ஜப்பானில் ஏலத்திற்கு வந்த வண்டியின் மின்கலம் எத்தனை வருடம் தாங்கும் என்பனவே அங்கு எழும் கேள்விகள். வசதி படைத்தவரின் கேள்விகள் என்று அவற்றை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால், ஒரு லீற்றர் டீசலின் பெறுமதியை உள்ளபடி அறிய விரும்புபவர் கினிகத்தேனையைக் கடந்து மேலே வர வேண்டும். வட்டவளை, ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று திம்புள்ளப் பிரதேசத்தை ஊடறுத்துச் செல்லும் ஏ-7 வீதியில், முதலாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் ஒரு பஸ்ஸின் பின்னால் ஐந்து நிமிடம் நடந்து பார்க்க வேண்டும்.

அந்தப் பஸ்ஸின் பின்னால் நடப்பவர் யார்? பெரும்பாலும் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளும், கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்களுமே. அவர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்தமாக வாகனம் இல்லை. புகையில் அவர்களுக்குப் பங்குண்டு, வாகனத்தில் இல்லை. எரிபொருள் விலை ஏறும்போது பஸ் கட்டணமாகவும், அரிசி, மா விலையாகவும் அதனைச் செலுத்துபவர்கள் அவர்களே. ஆகவே, மலையகத்தைப் பொறுத்தவரை வாகனத் தொழில்நுட்பம் என்பது வாகனம் வைத்திருப்போரின் விவகாரம் மட்டுமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாகியது. ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவைத் தொட்டது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ நெடிய போராட்டத்தின் பின்னர் 2021 இல் பெற்ற அதே 1,000 ரூபாவில் நின்றது. மலையேறி இறங்கி ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்தவரின் உழைப்புக்கு இரண்டு லீற்றருக்குச் சற்று அதிகமான டீசலே ஈடாக இருந்தது. பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்திற்கு 5 லீற்றர் பெற்றோல் என ஒதுக்கினார்கள். சமதரையில் அது எப்படியோ, நமது மலைப்பாதைகளில் 5 லீற்றரைக் கொண்டு 100 கிலோமீற்றர் ஓடினாலே பெரிய காரியம். பிரசவ வலியெடுத்த பெண்ணையும், காய்ச்சல் கண்ட குழந்தையையும் டிவிசனில் இருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கு முச்சக்கர வண்டியையே நம்பியிருக்கும் ஒரு சமூகத்திற்கு, எரிபொருள் சிக்கனம் என்பது உயிரோடு தொடர்புபட்ட விடயமாகும்.

இனி, மலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாடசாலை மாணவர் எவரும் போடக்கூடிய எளிய கணக்குத்தான். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றரில் உள்ளது. பயணிகளுடன் சேர்த்துப் பத்துத் தொன் எடையுள்ள ஒரு பஸ்ஸை இந்த 670 மீற்றருக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 18 கிலோவோட் மணித்தியாலச் சக்தி தேவை. ஒரு லீற்றர் டீசலில் 10 கிலோவோட் மணித்தியாலச் சக்தி அடங்கியிருந்தாலும், எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கையே சக்கரத்திற்குக் கொடுக்கிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. எனவே, ஏற்றத்திற்கு மட்டுமே ஐந்து லீற்றருக்கு மேல் டீசல் எரிகிறது. அதே பஸ் திரும்பி இறங்கும்போது, அவ்வளவு செலவழித்துச் சேர்த்த உயரம் எங்கே போகிறது? பிறேக்கில் சூடாகிக் காற்றில் கரைகிறது. காசு கொடுத்து வாங்கிய டீசலை ஏறும்போது எரித்து, அதன் பலனை இறங்கும்போது பிறேக்கில் தேய்த்து வீணாக்குகிறோம். நாளாந்தம் இந்த வீதியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸும், லொறியும் இதனையே செய்கின்றன.

மலை செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் செல்லும் ஒட்சிசன் குறையும்போது, டேர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் தனக்குத் தரப்படும் டீசலை முழுமையாக எரிக்க முடியாமல் திணறுகிறது. எரியாமல் எஞ்சும் கரியே கரும்புகையாக வெளிவருகிறது. புகை என்பது வேறெதுவுமன்று. எரியாமல் வெளியேறும் பணம். கொழும்பில் ஓரளவு ஒழுங்காக ஓடிய வண்டி ரதல்லையில் ஏறும்போது புகை கக்குவதற்குச் சாரதியின் கால் மட்டும் காரணமல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போவும், டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்துளிகளாகப் பீய்ச்சும் கொமன் ரெயில் முறையும் இக்குறையைப் பெருமளவு நிவர்த்தி செய்கின்றன. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து சந்தைக்கு வந்துவிட்ட தொழில்நுட்பம் இது.

தொழில்நுட்பத்தால் எதுவும் ஆகாது என்று சலித்துக்கொள்வோருக்கு நமது நாட்டிலிருந்தே இரண்டு உதாரணங்களைச் சொல்வேன். 2002 ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு நஞ்சு அதனால் நமது காற்றிலிருந்து அகன்றது. அதுமட்டுமன்றி, புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகள் இயங்குவதற்கும் வழி பிறந்தது. ஈயம் பட்டால் அக்கருவி செயலிழந்துவிடும். அடுத்து, 2008 ஆம் ஆண்டு முதல் இரு வீச்சு எஞ்சின் பொருத்திய முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. பெற்றோலோடு ஒயிலையும் கலந்து எரித்து, அதில் ஒரு பகுதியை எரியாமலே நீலப்புகையாக வெளியேற்றிய அந்த வண்டிகளுக்குப் பதிலாக நான்கு வீச்சு வண்டிகள் வந்தன. ஹற்றன் பஸ் நிலையத்தில் காலை வேளைகளில் கண்ணைக் கரித்த அந்த நீலப்புகை இன்று பெருமளவு குறைந்துவிட்டது. இவ்விரண்டு மாற்றங்களும் பொதுமக்கள் திருந்தியதால் வந்தவை அல்ல. அரசு ஒரு திகதியைக் குறித்து, அதில் உறுதியாக நின்றதால் வந்தவை.

அதே 2008 ஆம் ஆண்டில்தான் வாகனப் புகைப் பரிசோதனையும் ஆரம்பிக்கப்பட்டது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைச் சான்றிதழ் அவசியமாயிற்று. நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நான்கு தசாப்தங்களாக இந்த வீதிகளில் செய்தி தேடித் திரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரிசோதனை நிலையத்தில் வண்டி நின்ற நிலையில் இருக்கிறது. சுமை இல்லை, ஏற்றம் இல்லை, பயணி இல்லை. எஞ்சினை முறுக்கிப் புகையை அளக்கிறார்கள். அவ்வேளையில் தேறும் வண்டி அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலையேறும்போதும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இது நமது நாட்டுக் குறை மட்டுமல்ல. 2015 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் அகப்பட்டுக்கொண்டதும் இவ்விடயத்தில்தான். பரிசோதனைக்கூடத்தில் சுத்தமாகவும் வீதியில் அழுக்காகவும் இயங்கும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். அதன் பின்னர் 2017 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய ரகக் கார்களை வீதியில் ஓடவிட்டுப் புகையை அளக்கும் முறையைக் கட்டாயமாக்கியது. நமக்கு அவ்வளவு நுட்பமான கருவிகள் தேவையில்லை. ஏற்றப் பாதையின் ஓரத்தில், சுமையுடன் வரும் வண்டியை மறித்துப் பார்க்கும் நடமாடும் குழு ஒன்று வாரத்தில் இரண்டு நாட்கள் நின்றாலே போதும்.

எரிபொருளின் தரத்தையும் இதனோடு சேர்த்துப் பேச வேண்டும். டீசலில் கந்தகம் அதிகமாக இருந்தால் கரித்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டிகள் விரைவில் பழுதடையும். இந்தியா 2020 ஏப்ரல் 1 ஆம் திகதி பாரத் ஸ்டேஜ்-6 விதிக்கு மாறியபோது, ஐந்தாம் படியைத் தவிர்த்து நான்கிலிருந்து நேரே ஆறுக்குத் தாவியது. அதற்காக நாடு முழுவதும் டீசலின் கந்தக அளவைப் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தது. புதிய வண்டியும் புதிய எரிபொருளும் ஒருங்கே வந்தால்தான் பயனுண்டு என்பதை அயல்நாடு விளங்கிக்கொண்டது. இங்கோ, கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் விலை கூடிய பம்பிலும், பஸ்ஸும் லொறியும் குடிக்கும் சாதாரண டீசல் அடுத்த பம்பிலும் நிற்கின்றன. நல்ல எரிபொருள் வசதியானவரின் ஜீப்புக்கும், மட்டமானது ஏழைகள் ஏறும் பஸ்ஸுக்கும் என்ற பாகுபாடு எவருடைய கண்ணிலும் படுவதாகத் தெரியவில்லை.

இப்போது இறக்கத்திற்கு வருவோம். 1997 இல் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் பிரியஸ் காரை அறிமுகப்படுத்தியபோது அதன் உள்ளே இருந்த முக்கிய சூட்சுமம், பிறேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமிப்பதுதான். சக்கரத்தை ஓட்டும் மோட்டாரே இறங்கும்போது மின்பிறப்பாக்கியாக மாறிவிடுகிறது. சமதரையில் இதனால் கிடைப்பது சிறிய இலாபம். மலையில் கிடைப்பதோ பெரிய இலாபம். நான் மேலே சொன்ன 18 கிலோவோட் மணித்தியாலத்தில் பாதி மீண்டாலும், ஒவ்வொரு இறக்கத்திலும் 9 அலகுகள் மிச்சமாகும். சுவிட்சர்லாந்தில் ஒரு கல்லுடைக்கும் சுரங்கத்தில், மேலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி, வெறுமையாக மேலே திரும்பும் ஒரு மின்சார டம்பர் லொறி, இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டே ஏற்றத்தின் தேவையைச் சமாளிக்கிறது. இச்செய்தியைப் படித்தபோது எனக்குத் தேயிலை லொறிகளே நினைவுக்கு வந்தன. தேயிலை எப்போதும் மேலிருந்து கீழேதானே போகிறது? திம்புள்ளத் தொழிற்சாலைகளின் தேயிலைப் பொதிகள் அனைத்தும் கொழும்பு ஏலத்திற்காக மலையிறங்குகின்றன. லொறிகள் உரமும் அரிசியும் ஏற்றித் திரும்புவதால் சுவிட்சர்லாந்துக் கணக்கு இங்கு அப்படியே பொருந்தாதென்பது உண்மை. ஆயினும், சுமை இறங்கும் திசையே நமக்குச் சாதகமாக இருக்கிறது.

நமது முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். முன்னர் பல தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் கோர்த்து மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கினார்கள். எஞ்சின் வேண்டியிருக்கவில்லை, பாரமே தன்னை இறக்கிக்கொண்டது. ஓடைநீரில் சிறு டேர்பைன்களைச் சுழற்றித் தொழிற்சாலைகளை இயக்கினார்கள். பின்னர் டீசல் மலிவாகக் கிடைத்தபோது இவையெல்லாம் பழைய இரும்பாகிப் போயின.

இன்னொரு விடயம். இறக்கத்தில் பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்து, நியூட்ரலில் வண்டியை உருளவிடும் வழக்கம் நமது சாரதிகளிடம் உண்டு. இது இருவகையிலும் தவறு. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் செல்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில் இறங்கினால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். அத்துடன் எஞ்சினின் பிடி விடுபட்டு, முழுப்பாரமும் பிறேக்கில் விழுகிறது. பிறேக் சூடேறித் தன் பிடியை இழக்கிறது. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ் ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு உயிர்களைக் காவுகொண்டது. அவ்விபத்தின் காரணத்தை இங்கு நான் ஆராயப் புகவில்லை. ஆனால், இத்தகைய இறக்கங்களில் பிறேக்கின் பாரத்தைக் குறைக்கும் எந்தத் தொழில்நுட்பமும் எரிபொருளோடு உயிரையும் சேமிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சார பஸ்ஸில் அந்த நன்மை உண்டு.

மின்சார பஸ் மலையேறுமா என்று சிலர் சிரிக்கக்கூடும். இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்கு 2017 ஆம் ஆண்டிலேயே மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அக்கணவாய் 3,900 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நுவரெலியாவைப்போல் இரு மடங்கு. வாகனக் கரி பனிப்பாறையில் படிவதைக் கண்டு இந்தியாவின் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கட்டுப்பாடுகளே அதற்கு வழிகோலின. சென்னையிலும் 2025 ஜூனில் 120 மின்சாரத் தாழ்தள பஸ்கள் சேவையில் இணைந்தன.

அடுத்து எழுவது மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்து இங்கு பஸ் ஓட்டினால் புகை இடம் மாறுமேயன்றி ஒழியாது என்று கூறுவோரின் வாதத்தில் நியாயமுண்டு. ஆனால், இந்த மலைகளே மின்சாரத்தின் பிறப்பிடம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த நீர்மின் யோசனை, 1950 இல் லக்சபானாவில் செயல்வடிவம் பெற்றது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீர் இன்றும் நாட்டிற்கு ஒளியூட்டுகிறது. தலவாக்கலையில் அணைகட்டி அமைக்கப்பட்ட 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது. அதற்காகப் பல நூறு குடும்பங்கள் வீடு மாறின. சென் கிளயர் அருவி தன் பழைய பெருக்கை இழந்தது. நீரையும் நிலத்தையும் கொடுத்த ஊரின் பஸ்கள், கப்பலில் வந்த டீசலை எரித்துக்கொண்டு அந்த அணையைக் கடந்து செல்கின்றன. இதில் உள்ள முரண்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

பகலில் மின்சாரம் மிகுந்துபோகும் நிலையும் இப்போது தோன்றியுள்ளது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது கேள்வி குறைந்ததால், கூரைச் சூரியப் படல்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வேண்டாமென்று நிறுத்திய அந்த மின்சாரத்தை நிறைத்துக்கொள்ள மின்கலங்கள் இருந்திருந்தால் எவ்வளவு நன்மை! பஸ்கள் நண்பகலில் தரிப்பிடத்தில் ஓய்வெடுக்கும் வேளை மின்னேற்றலாம். ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மின்னேற்றும் நிலையங்கள் மலையடியில் அமைதல் நன்று. நுவரெலியாவில் முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் விளையும் மின்சாரத்தை ஏற்க மின்கலத்தில் இடமிராது.

செலவு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்ததும் அந்நியச் செலாவணி எதற்குப் போகிறது என்று பாருங்கள். கார்களுக்கு அனுமதி கொடுக்க முடிந்த நாட்டிற்கு, ஒரு மலைப்பாதையில் பத்து மின்சார பஸ்களை ஓட்டிப் பார்ப்பது இயலாத காரியமாகுமா? ஒரு கார் நால்வரைச் சுமக்கிறது. ஒரு பஸ் நாளொன்றுக்குப் பல நூறு பேரைச் சுமக்கிறது. ஒரே டொலரால் எது அதிகப் புகையைக் குறைக்கும் என்பதைக் கணக்காளர்களே சொல்லட்டும்.

எனது கோரிக்கைகள் சில. ஹற்றன் - நுவரெலியா பாதையில் இலங்கைப் போக்குவரத்துச் சபை மின்சார பஸ்களைப் பரீட்சார்த்தமாக ஓட்டி, செலவுக் கணக்கைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அதுவரை, ஓடும் டீசல் பஸ்களின் காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் உரிய காலத்தில் மாற்றுவது அனுமதிப்பத்திர நிபந்தனையாக்கப்பட வேண்டும். மிக மலிவான தொழில்நுட்பம் அதுவே. புகைப் பரிசோதனை ஏற்றப் பாதைக்கு வர வேண்டும். நாட்டிலுள்ள 11 இலட்சத்திற்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகளை மின்சாரத்திற்கு மாற்றும் முயற்சி ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அது மேல் மாகாணத்தோடு நின்றுவிடாமல், தோட்ட இளைஞர்களுக்கு இலகு கடனுடன் மலையகத்திற்கும் வர வேண்டும். கடனும் பயிற்சியும் இல்லாமல் சட்டம் மட்டும் வருமானால், பழைய வண்டி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைப்பவனின் வயிற்றில் அடிப்பதாகவே முடியும்.

உலகின் மிகச் சிறந்த தேயிலையை விளைவிக்கும் மலைகள் என்று திம்புள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். வரண்ட காற்று வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் இங்கு விளையும் தேயிலையின் வாசனைக்கு ஏலத்தில் தனி விலை உண்டு. அந்தக் காற்றைத்தான் கொழுந்து பறிக்கும் பெண்ணும் சுவாசிக்கிறாள். தேயிலைக்கு நல்ல காற்று வேண்டுமென்று கவலைப்படுகிறவர்கள், அவளுக்கும் அதே காற்று வேண்டுமென்று ஒரு முறை எண்ணிப் பார்த்தால், நான் மேலே சொன்ன எதுவும் பெரிய செலவாகத் தோன்றாது.